படிப்பிலும் ஒரு பத்தியம்
உண்ணல் கோளாற்றிலிருந்து தேறுவோரும் அந்நோய் பற்றிய நூல்களும்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டி அமைந்துள்ள பகுதி கார்டன் ரீச் ஆகும். கப்பல் கட்டும் துறையும் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகமும் இங்கே உள்ளன. இதன் ஒரு பாகமாகிய மெட்டியாபுரூஸில், 1856-ஆம் ஆண்டில் தம் நாட்டை ஆங்கிலேயரிடம் இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா குடியேறி, 1887-இல் இறக்கும் வரை வாழ்ந்தார். அவருடன் லக்னோவிலிருந்து வந்த சமையற்காரர்களின் கைத்திறம் இன்றும் கொல்கத்தா பிரியாணியில் நிலைத்திருக்கிறது என்று கூறுவர்.

நவாபின் சமையற்கூடம் புகழ் பெற்ற அதே நகரத்தின் வீதிகள், 1943-ஆம் ஆண்டில் வேறொரு காட்சியைக் கண்டன. வங்காளக் கிராமங்களிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாகக் கல்கத்தாவை நோக்கி வந்து, கஞ்சி வேண்டித் தெருவோரங்களில் மடிந்தனர். அப்பஞ்சத்தில் இறந்தோர் சுமார் 15 லட்சம் என்று 1945-இல் விசாரணைக் குழு கணக்கிட்டது. பிற்கால ஆராய்ச்சியாளர் சிலர் அத்தொகை 30 லட்சத்தை எட்டும் என்பர்.

உணவின் மிகுதியையும் உணவின் இன்மையையும் ஒருங்கே அறிந்த அந்நகரிலும், நம் நாட்டின் ஏனைய நகரங்களிலும், மூன்றாவது வகைப் பசி ஒன்று இக்காலத்தில் மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்து வருகிறது. தட்டில் சோறு இருக்கிறது. பரிமாறத் தாய் அருகில் இருக்கிறாள். ஆயினும் மகளால் உண்ண இயலவில்லை. அல்லது, அளவிறந்து உண்டுவிட்டுப் பிறர் அறியாமல் அதனை வெளியேற்றுகிறாள். ஆண் மக்களுள்ளும் இந்நோயினர் உண்டு. இவற்றையெல்லாம் உண்ணல் கோளாறுகள் என்னும் பொதுப் பெயரால் மருத்துவ நூலார் வழங்குகின்றனர்.

இந்நோயிலிருந்து தேறிவரும் ஒருவர், இயல்பாகவே, தம் நோயைப் பற்றி அறிய விரும்புகிறார், நூல்களைத் தேடுகிறார். அந்நூல்கள் அவருக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா? அறிவு எவ்வாறு தீமை செய்யும் என்று வாசகர் வினவலாம். இவ்வினாவிற்கு அண்மைக்கால ஆராய்ச்சிகள் தரும் விடையை இக்கட்டுரையில் காண்போம். சுருங்கக் கூறின், உணவில் பத்தியம் என்பது இந்நோயாளிக்குத் தீங்கு தரும் சொல்; படிப்பில் பத்தியம் என்பதோ அவருக்கு நலம் தருவதாகும்.

பசியற்ற நோய் அன்று

இக்கோளாறுகளுள் மிகக் கொடியது அனோரெக்சியா நெர்வோசா எனப்படுவது. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் என்பவரும், பாரிஸ் மருத்துவர் சார்ல் லசேக் என்பவரும் 1873-ஆம் ஆண்டில் ஒருவரையொருவர் சாராமல் இதனை விளக்கினர். அதற்கு நெடுநாள் முன்னரே, 1689-இல், ரிச்சர்ட் மார்ட்டன் என்னும் ஆங்கிலேய மருத்துவர் உடல் நோய் ஏதும் புலப்படாமலே மெலிந்து போன இளம்பெண் ஒருத்தியைப் பற்றி எழுதியுள்ளார். 'அனோரெக்சியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். இப்பெயர் பொருத்தமற்றது. நோயாளிக்குப் பசி இல்லாமல் இல்லை. கடும்பசியோடு அவர் ஓயாது போராடிக்கொண்டிருக்கிறார் என்பதே உண்மை.

மற்றொரு வகை, புலிமியா நெர்வோசா. மிகுதியாக உண்பதும், பின்னர் அதற்கு ஈடு செய்யும் பொருட்டு வாந்தி முதலியவற்றை மேற்கொள்வதும் இதன் இயல்பு. ஜெரால்ட் ரஸ்ஸல் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1979-இல் இதற்குப் பெயரிட்டார். ஈடு செய்யும் செயல் ஏதுமின்றி, கட்டுப்பாடு இழந்து மிகையாக உண்ணும் நோய், 2013-ஆம் ஆண்டில் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாக இடம் பெற்றது.

இவை அழகு பற்றிய வீண் ஆசையால் வருவன என்றும், பிடிவாதக் குணத்தால் வருவன என்றும் எண்ணுவது தவறு. பரம்பரை இயல்பு, மூளையின் வேதியியல், குடும்பச் சூழல், சமூகத்தின் பார்வை ஆகிய பல காரணங்கள் ஒன்றுகூடி இவற்றை உண்டாக்குகின்றன. அனோரெக்சியா நோயாளரிடையே மரண விகிதம், அவர்களை ஒத்த வயதுடைய பிறரிடையே காண்பதைக் காட்டிலும் 5 மடங்கிற்கும் மேலானது என்று 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த தொகுப்பாய்வு காட்டிற்று. எனவே, தேறிவருவோர் கையில் எந்த நூல் இருக்கிறது என்பது அற்ப விஷயம் அன்று.

பஞ்சம் கற்பித்த பாடம்

பட்டினியால் நலிந்தவருக்கு உணவே மருந்து. ஆனால் எப்போது, எவ்வளவு, எவ்வகை என்பதில்தான் உயிர் தங்கியுள்ளது. நெடுநாள் உணவின்றி இருந்தவருக்குத் திடீரென வயிறார உணவளித்தால், இரத்தத்தில் இன்சுலின் பெருகும். அதன் செயலால் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய உப்புக்கள் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் விரைந்து புகும். இரத்தத்தில் அவை குறைந்துவிடுவதால் இதயத் துடிப்புத் தடுமாறி மரணமும் நேரிடலாம். ஆகவே, சிறுகச் சிறுக, இரத்தத்தைச் சோதித்துக்கொண்டே உணவைக் கூட்டுதல் வேண்டும்.

வங்காளப் பஞ்சத்தின்போது பால் தூள், மாவு, சர்க்கரை, உப்பு முதலியன கலந்த கரைசல் ஒன்று நலிந்தோருக்கு அளிக்கப்பட்டது. வங்காளப் பஞ்சக் கலவை என்றே அது பெயர் பெற்றது. 1945-இல் ஜெர்மனியிலிருந்த பெல்சன் வதைமுகாம் மீட்கப்பட்டபோது, பட்டினியால் குற்றுயிராய்க் கிடந்தவர்களுக்கும் இதே கலவையை அளித்தனர். அங்கிருந்தோர் பலர் அதன் மிகையான இனிப்பை ஏற்கமாட்டாமல் ஒதுக்கிவிட்டனர். ஓரிடத்தில் பயன்பட்ட கலவை, மற்றோரிடத்தில் உண்பாரின்றிக் கிடந்தது.

உணவைப் பற்றிய இவ்விரு உண்மைகளும், அதாவது காலம் அறிந்து கொடுத்தல், ஆள் அறிந்து கொடுத்தல் என்பன, நூலுக்கும் அப்படியே பொருந்தும் என்பதை மேலே காண்போம்.

பட்டினி கிடக்கும் மனம் எதைப் படிக்கும்?

வங்காளப் பஞ்சம் ஓய்ந்த சில மாதங்களில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் உடலியல் அறிஞர் ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போர் முடிந்ததும் ஐரோப்பாவில் பட்டினியால் வாடுவோரை எவ்வாறு மீட்பது என்பதை அறிவதே அதன் நோக்கம். போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராத 36 இளைஞர்கள் இதற்கெனத் தாமே முன்வந்தனர். உடலாலும் மனத்தாலும் திடமானவர்கள் எனச் சோதித்துத் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் அவர்கள். 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூலை வரை, 24 வார காலம், அவர்களுக்கு அரைப்பட்டினி உணவே வழங்கப்பட்டது.

உடல் மெலிந்தது வியப்பன்று. மனத்தில் நிகழ்ந்த மாற்றமே ஆராய்ச்சியாளரைச் சிந்திக்க வைத்தது. கல்லூரிப் படிப்பிலும் உலக நடப்பிலும் ஆர்வம் கொண்டிருந்த அவ்விளைஞர்கள் நாளடைவில் அவற்றைக் கைவிட்டனர். அவர்களது பேச்சும் கனவும் உணவு பற்றியனவாகவே ஆயின. சமையலில் அதுவரை சிறிதும் நாட்டமில்லாதவர்கள் சமையற் புத்தகங்களை வாங்கி, இரவெல்லாம் அவற்றையே படித்தனர். செய்முறைகளைப் படியெடுத்துச் சேர்த்தனர். தட்டில் உள்ள சிறிதளவு உணவை நெடுநேரம் துழாவித் துழாவி உண்டனர். மீண்டும் உணவு கூட்டப்பட்ட பின்னரும் சிலருக்கு எவ்வளவு உண்டாலும் நிறைவு ஏற்படவில்லை. இச்செய்திகள் அனைத்தும் 1950-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியாயின.

இவ்வாராய்ச்சி நமக்குக் காட்டுவது யாது? பட்டினியால் நலிந்த மூளைக்கு உணவைப் பற்றிய எழுத்தின்பால் ஒரு கட்டுக்கடங்கா ஈர்ப்பு உண்டாகிறது. அது அறிவு வேட்கை அன்று, நோயின் குறி. அந்த 36 பேருக்கும் உண்ணல் கோளாறு இருந்ததில்லை. ஆயினும் பட்டினி ஒன்றே அவர்களது படிப்பை இவ்வாறு திருப்பிவிட்டது.

அவ்வாறாயின், அனோரெக்சியா நோயாளர் ஒருவர் உணவு பற்றியும், தம் நோய் பற்றியும் நூல் மேல் நூலாகப் படிப்பதை, விருப்பப்பட்டுத் தேர்ந்த படிப்பு என்று நாம் எளிதில் கொண்டுவிட முடியாது. படிப்பவர் அவர்தாம், ஆனால் நூலைத் தெரிந்தெடுப்பது பல வேளைகளில் நோய். உடல் எடை மீளும் அளவிற்கே மனமும் தன் தெரிவுரிமையை மீட்கிறது. ஆகவே, படிப்பு எப்போது தொடங்கலாம் என்னும் வினாவிற்கு முதல் விடை, உடல் சற்றே தேறிய பின்னர் என்பதாகும்.

வாழ்க்கை வரலாறுகளும் கதைகளும்

இத்துறையில் வெளிவந்துள்ள நூல்களை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, நோயுற்றோரின் வாழ்க்கையைக் கூறுவன. ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஹில்டே புரூக் என்னும் பெண் மருத்துவர் 1978-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பொற்கூண்டு' என்னும் பொருள்படும் நூல், தாம் கண்ட நோயாளரின் நிலையைப் பொதுமக்களுக்கு எடுத்துரைத்தது. அதே ஆண்டில் ஸ்டீவன் லெவென்க்ரான் எழுதிய நாவல் ஒன்றும் வெளிவந்தது. மார்யா ஹார்ன்பேக்கர் 1998-இல் எழுதிய தன்வரலாறு மிகப் பலரால் படிக்கப்பட்டது. இவற்றை எழுதியோரின் நோக்கம் எச்சரிக்கையும் இரக்கமுமே என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எழுதுவோர் நோக்கம் வேறு, படிப்போர் கொள்வது வேறு. நோயற்ற ஒருவர் இத்தகைய நூலைப் படிக்கும்போது துயரத்தைக் காண்கிறார். நோயாளரோ எண்களைக் காண்கிறார். அந்தப் பெண்ணின் எடை எவ்வளவு, அவள் உண்டது எவ்வளவு, தாயின் கண்ணில் படாமல் உணவை எவ்வாறு மறைத்தாள் என்பனவே அவர் மனத்தில் பதிகின்றன. 'நான் அந்த அளவிற்கு மெலியவில்லையே. அப்படியாயின் எனக்கு நோய் இல்லை. சிகிச்சைக்கு நான் தகுதியுடையவள் அல்லள்' என்று அவர் முடிவு கட்டுவதுண்டு. எச்சரிக்கையாக எழுதப்பட்டது வழிகாட்டியாக ஆகிவிடுகிறது. நோய்க்கே உரிய போட்டி மனப்பான்மை அச்சிட்ட பக்கத்தோடும் போட்டியிடத் தொடங்குகிறது.

இதனை ஆராய்ந்தோர் கண்டது யாது? அமெரிக்காவில் கல்லூரி மாணவியரைக் கொண்டு நடத்தி 2006-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், ஒரு பிரிவினர் உண்ணல் கோளாறு பற்றிய தன்வரலாற்றையும், மற்றொரு பிரிவினர் வேறு தன்வரலாற்றையும் படித்தனர். உணவு பற்றிய அவர்களது மனப்போக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தோன்றவில்லை. இதிலிருந்து, பொதுவாக எல்லோரும் அஞ்சி ஒதுக்க வேண்டிய நூல்கள் அல்ல இவை எனக் கொள்ளலாம். ஆனால் அம்மாணவியர் நோயாளர் அல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

நோயுற்றோரையே வினவிய ஆய்வு 2018-இல் வெளிவந்தது. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த எமிலி டிராஸ்சியான்கோ என்னும் ஆராய்ச்சியாளர், பிரிட்டனில் இந்நோயாளருக்கு உதவும் 'பீட்' என்னும் அறநிறுவனத்தின் துணையுடன் இதனை நடத்தினார். இந்நோயின் அனுபவமுடையோர் பலர் தம் வாசிப்பைப் பற்றி அவருக்கு விடையளித்தனர். உண்ணல் கோளாற்றையே பொருளாகக் கொண்ட கதைகள், மனநிலை, தன்மதிப்பு, உடலைப் பற்றிய எண்ணம், உண்ணும் பழக்கம் ஆகியவற்றில் தமக்குத் தீங்கு செய்தன என்று பெரும்பாலோர் கூறினர். தாம் விரும்பிப் படிக்கும் ஏனைய வகை நூல்களோ நன்மை செய்தன, அல்லது தீமையேனும் செய்யவில்லை என்றனர். இன்னொரு செய்தியும் தெரியவந்தது. தமக்குத் தீங்கு செய்யும் என்று தெரிந்தே, நோயை மூட்டிக்கொள்ளும் பொருட்டு இந்நூல்களைத் தேடிப் படித்ததாகச் சிலர் ஒப்புக்கொண்டனர்.

இவ்வாய்வு, படித்தோர் தாமே கூறிய விடைகளை அடிப்படையாகக் கொண்டது. எனவே, நூலால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் அந்நூலை நாடினரா என்பதை இதனைக் கொண்டு முற்றத் தீர்மானித்தல் இயலாது. எனினும், மினசோட்டா ஆராய்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும்போது, இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக இருத்தல் கூடும் எனக் கருத இடமுண்டு. சுழலை எவ்விடத்திலேனும் அறுத்தல் நலம். அவற்றுள் எளிதாக அறுக்கக்கூடிய இடம், கையிலுள்ள நூல்.

பயிற்சி நூல்கள்

இரண்டாம் வகை நூல்கள், என்ன செய்ய வேண்டும் என்பதைப் படிப்படியாகக் கூறும் பயிற்சி நூல்கள். இவற்றின் கதை முற்றும் வேறு. ஆக்ஸ்போர்டுப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1995-இல் வெளியிட்ட, மிகையுண்டலை வெல்லுதல் பற்றிய நூல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அதன் முற்பகுதி நோயை விளக்குகிறது. பிற்பகுதி பயிற்சியைத் தருகிறது. உண்பதை அன்றன்றே குறித்தல், ஒரு நாளில் மூன்று வேளை உணவும் இடையிடையே சிற்றுணவுமாக ஒழுங்குபடுத்திக்கொள்ளல், மிகையுண்டலைத் தூண்டும் தருணங்களை முன்னரே அறிந்து மாற்றுச் செயல்களில் ஈடுபடுதல், இன்னல் வந்தபோது அதனைப் பகுத்தாய்ந்து தீர்த்தல் எனப் படிகள் அமைந்துள்ளன. ஒரு படி நிலைத்த பின்னரே அடுத்த படிக்குச் செல்லுதல் வேண்டும்.

புலிமியாவிற்கும் மிகையுண்டல் நோய்க்கும், வயது வந்தோருக்கு முதற் சிகிச்சையாகவே இத்தகைய வழிகாட்டப்பட்ட சுயபயிற்சியை அளிக்கலாம் என்று பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை நிறுவனமாகிய 'நைஸ்' 2017-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. புலிமியாவைப் பொறுத்தவரை, நூலைப் படிப்பதுடன், 16 வார காலத்தில் 4 முதல் 9 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 20 நிமிடம், பயிற்சி பெற்ற ஒருவரைச் சந்தித்து உரையாடுதல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நூல் மட்டும் தனித்து நிற்பதினும், நூலுடன் ஒருவர் துணை நிற்பது மேலான பயன் தருகிறது.

ஆனால் அனோரெக்சியாவிற்கு இம்முறை தனியே போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. உடல் நலிவு உயிருக்கு ஆபத்து விளைக்கும் நிலையில், மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இன்றியமையாதது. எனவே, ஒரே துறையைச் சார்ந்த நூல்களே ஆயினும், நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ப ஒன்று மருந்தாகிறது, மற்றொன்று நஞ்சாகிறது.

நூலைக் கொண்டு உளநோய் தீர்க்கும் முறைக்கு நூல்வழி மருத்துவம் என்று பெயர். இதனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் 1916-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் முதன்முதலாக வழங்கப்பட்டது. கொல்கத்தாவின் உளநூல் வரலாற்றிலும் நூலுக்குத் தனியிடம் உண்டு. டாக்டர் கிரீந்திரசேகர் போஸ், வியன்னா சென்று பயிலாமலே, நூல்களையும் தம் நோயாளரிடம் கண்டவற்றையும் துணையாகக் கொண்டு உளப்பகுப்பு முறையில் தேர்ந்தார்; ஃபிராய்டுடன் கடிதப் போக்குவரத்து நடத்தினார்; 1922-இல் இந்திய உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கத்தின் முயற்சியால் 1940-இல் லும்பினி பார்க் மனநோய் மருத்துவமனை தோன்றிற்று. மருத்துவர் நூலிலிருந்து கற்றார். ஆனால் நோயாளரை நூலோடு தனியே விட்டுவிடவில்லை. எதிரே அமர்ந்து அவர் கூறுவதைக் கேட்டார். இன்றைய வழிகாட்டப்பட்ட சுயபயிற்சியிலும் நூலுக்கு அப்பால் செவிமடுக்கும் ஒருவர் இருப்பதே உயிர்நிலை.

நம் நாட்டு நோயாளியும் பிறநாட்டு நூலும்

நம்மவருக்கு மேலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இந்நோய் பற்றிய நூல்களுள் பெரும்பாலானவை மேலைநாட்டவருக்கென ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கொழுத்துவிடுவோம் என்னும் அச்சமே அவற்றில் நோயின் மையமாகக் காட்டப்படுகிறது. நம் நாட்டு மருத்துவர் கண்டதோ சில வகையில் வேறானது. காந்தேல்வால் முதலானோர் 1995-இல் வெளியிட்ட கட்டுரையில் இளம்பெண்கள் ஐவரைப் பற்றிக் கூறினர். உணவு மறுத்தல், ஓயாத வாந்தி, கடும் மெலிவு, மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவை அவர்களிடம் காணப்பட்டன. ஆனால் தம் உடலைப் பருத்ததாக எண்ணும் மயக்கம் காணப்படவில்லை. வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியினர் 2007-இல் வெளியிட்ட ஆய்விலும், உண்ணல் கோளாறுற்ற சிறுவர் சிறுமியருள் பெரும்பாலோரிடம் உளச்சார்பான வாந்தியே முதன்மையாகக் காணப்பட்டது.

சென்னையில் சீனிவாசன் முதலிய மருத்துவர்கள், 1990-களில் 210 மருத்துவ மாணவரை ஆராய்ந்தனர். அவர்களுள் 31 பேரிடம், அதாவது நூற்றுக்கு 14.8 பேரிடம், முழு நோயாக முற்றாத ஒருவகை உண்ணல் துயரம் இருந்ததைக் கண்டனர். மேலைநாட்டு அளவுகோலைக் கொண்டு மட்டும் நோக்கினால் இவர்கள் கணக்கில் வாராமலே போயிருப்பர்.

கார்டன் ரீச்சை அடுத்த மெட்டியாபுரூஸ் ஆயத்த ஆடை தைக்கும் தொழிலுக்குப் பேர்பெற்ற இடம். ஆயத்த ஆடை எல்லார்க்கும் பொருந்துவதில்லை. ஒருவருக்குத் தோளில் பிடிக்கும், மற்றொருவருக்குக் கை நீளும். பிறர் நாட்டில் பிறருக்கென எழுதிய நூலும் அத்தகையதே. 'இந்நூலில் உள்ள பெண்ணைப் போல நான் கண்ணாடி முன் நின்று வருந்துவதில்லை. ஆகவே எனக்கு இந்நோய் இல்லை' என்று நம் பெண்ணொருத்தி எண்ணிவிடலாம். வயிற்று நோய் என்று கருதி ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொரு மருத்துவரிடம் அலைந்து காலத்தைப் போக்கலாம். விரதம், நோன்பு என்னும் பெயரால் வீட்டாரும் ஏமாறலாம். தமிழில் இந்நோய் பற்றி எளிய, நம்பத்தக்க நூல்கள் பெருக வேண்டியதன் அவசியம் இதனால் விளங்கும்.

படிப்போருக்குச் சில நெறிகள்

இதுவரை கூறியவற்றிலிருந்து தேறிவருவோர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகளை வகுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, உடல் நலிந்திருக்கும் காலத்தில் நோய் பற்றிய நூல்களை ஒதுக்கிவைத்தல் நன்று. அக்காலத்தில் அறிய வேண்டியவற்றை மருத்துவர் வாயிலாகவும் உணவியல் வல்லுநர் வாயிலாகவும் அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது, நூலைத் தெரிந்தெடுக்கும்போது அதில் எடைக்கணக்கும், உணவு அளவின் கணக்கும், உணவைத் தவிர்க்கும் உபாயங்களும் விரிவாக உள்ளனவா என்று பிறர் ஒருவரைக் கொண்டு முதலில் பார்க்கச் செய்தல் வேண்டும். இருக்குமாயின் அந்நூல் இப்போதைக்கு வேண்டாம். மினசோட்டா ஆராய்ச்சியைப் பற்றிக் கூறிய இடத்தும் இக்கட்டுரையில் அத்தகைய எண்கள் தரப்படாதது இக்காரணம் பற்றியே.

மூன்றாவது, படிக்கும் நோக்கத்தைத் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். 'அடுத்த வேளை உணவை நான் உண்பதற்கு இந்நூல் உதவுமா?' என்பதே உரைகல். நூலை மூடிய பின் வரும் வேளை உணவு எளிதாயிற்றா, கடினமாயிற்றா என்று நோக்கினால் விடை தானே கிடைக்கும். கடினமாயின், எத்துணைப் புகழ்பெற்ற நூலாயினும் அதனை விட்டுவிடுதல் தகும். முடிவு வரை படித்தே தீரவேண்டும் என்பது இல்லை.

நான்காவது, பயிற்சி நூலைத் தனியே படித்துத் தனியே செய்ய முயலாமல், மருத்துவரோ உளநல ஆலோசகரோ ஒருவரைத் துணையாகக் கொள்ளுதல் வேண்டும். உண்பதைக் குறித்துவைக்கும் பயிற்சி சிலருக்கு நலம் தரும். எண்களில் சிக்குண்ட சிலருக்கு அதுவே கேடாகும். இன்னாருக்கு இன்னது ஏற்கும் என்பதை அத்துணைவரே கூறவல்லார்.

ஐந்தாவது, உணவையும் உடலையும் சாராத நூல்களுக்கு மனத்தில் இடம் அளித்தல் வேண்டும். பயணக் கதை, வரலாறு, துப்பறியும் நாவல், பறவைகளைப் பற்றிய நூல், விஞ்ஞான நூல் என எதுவாயினும் ஆகலாம். நோய் மனிதரின் உலகத்தை ஒரு தட்டின் அளவிற்குச் சுருக்கிவிடுகிறது. அவ்வுலகத்தை மீண்டும் விரிப்பதே இந்நூல்களின் பணி. ஆய்வில் விடையளித்தோரும் இவ்வகை நூல்களையே தமக்கு நன்மை செய்தனவாகச் சுட்டினர்.

குடும்பத்தாரும் நூலகத்தாரும்

நோயாளருக்கு ஒதுக்கிய நூல்களைக் குடும்பத்தார் படித்தல் பெரிதும் விரும்பத்தக்கது. மூன்றாம் வகை நூல்களாகிய விளக்க நூல்கள் அவர்களுக்கென்றே அமைந்தவை எனலாம். நோய் இன்னது என்று அறியாத வீட்டில், 'கொழுப்பெடுத்து ஆடுகிறாள்' என்னும் ஏச்சும், 'எனக்காக இன்னும் ஒரு கரண்டி' என்னும் கெஞ்சலும் மாறி மாறி ஒலிக்கும். தேறிவரும் பெண்ணைக் கண்ட உறவினர், மகிழ்ச்சியோடுதான், 'இப்போது சற்றுப் பூசினாற்போல் இருக்கிறாயே' என்பார். அவ்வொரு சொல் பல வாரச் சிகிச்சையைக் குலைத்துவிடக்கூடும். மயக்கம், நாடித் துடிப்பின் தளர்ச்சி, உண்டவுடன் ஒவ்வொரு முறையும் குளியலறையை நாடுதல், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகிய குறிகளைக் கண்டால் காலம் தாழ்த்தாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் குடும்பத்தாரின் கடமை.

நூலகத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. கார்டன் ரீச்சிலிருந்து சில மைல் தொலைவில், அலிப்பூரில் உள்ள தேசிய நூலகம், நாட்டில் அச்சாகும் நூல்களைச் சட்டப்படி பெற்றுக் காத்து வருகிறது. அத்தகைய நூலகம் எந்நூலையும் விலக்குதல் தகாது. ஆனால் ஒவ்வொரு நூலையும் ஒவ்வொருவரும் இன்றே படித்தாக வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக விளங்கிய எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகளில், உரிய வாசகரை உரிய நூலோடு சேர்ப்பதே நூலகரின் தொழில் என்பதை நிலைநாட்டினார். இந்நோயாளரைப் பொறுத்தவரை, உரிய காலத்தில் சேர்ப்பது என்பதையும் அதனோடு கூட்டிக்கொள்ளல் வேண்டும். இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டு முதல், மருத்துவர் எழுதித்தரும் சீட்டைக் கொண்டு பொது நூலகத்தில் உளநல நூல்களைப் பெறும் ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. நம் மாவட்ட நூலகங்களும் அரசாங்க மருத்துவமனைகளும் கூடி முயன்றால் இங்கும் அது கைகூடும்.

உளநல உதவி நாடுவோருக்கென மத்திய அரசாங்கம் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி 'டெலி மானஸ்' என்னும் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியுள்ளது. 14416 என்னும் எண்ணில் இதனைக் கட்டணமின்றி அழைக்கலாம். பல இந்திய மொழிகளில் உதவி கிடைக்கிறது. நூலைத் தேடி அலையும் முன்னர் ஒரு மனிதரின் குரலைக் கேட்க இது வழி செய்கிறது.

படிப்பில் பத்தியம் என்பது என்றென்றைக்கும் உரியதன்று. உடல் தேறி, மனம் தெளிந்து, உணவு அன்றாடச் செயல்களுள் ஒன்றாகிவிட்ட பிறகு, அந்நாளில் ஒதுக்கிய நூல்களை ஒருவர் விரும்பினால் எடுத்துப் படிக்கலாம். தம்மைப் போன்று துன்புற்ற பிறர் உண்டு என்பதை அறிவது அப்போது ஆறுதல் அளிக்கும். எண்களைத் தேடாமல், மனிதரைத் தேடிப் படிக்க அப்போது அவருக்கு இயலும். படிக்க விருப்பமில்லை என்றாலும் குறையொன்றுமில்லை. நோயைப் பற்றி இனிப் படிக்க வேண்டிய தேவையே தோன்றாதிருப்பதும் நலத்தின் அடையாளமே.